இந்தத் தெருவிளக்கு யாருடையது? பேரூராட்சிக்குக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்த மூன்றாம் நாள் எங்கள் தெருமுனை விளக்கு அணைந்துபோயிற்று. விளக்கு தொங்குவது மின் வாரியக் கம்பத்தில்; ஆகவே மின் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். “கம்பம்தான் எங்களுடையது, விளக்கு பேரூராட்சியுடையது” என்றார்கள். பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனால் செயல் அலுவலர் வெளியே போயிருந்தார். உள்ளே இருந்தவர், “எந்தத் தெரு? பெட்ரோல் பங்குக்குப் பின்னாலா? அந்தப் பக்கம் பாதி, கிராம ஊராட்சியில் வரும். பார்த்துச் சொல்கிறேன்” என்றார். பார்த்துச் சொல்லவே இல்லை. பதினோராம் நாள் டீக்கடையில் நின்று இதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி, “கம்ப எண் என்ன சார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கம்பத்துக்கு எண் உண்டு என்பதே தெரியாது. கேட்டவர்தான் பேரூராட்சியின் மின் பணியாளர். மறுநாள் மாலை விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு இந்த அலுவலகத்துக்கும் எனக்கும் பல ஆண்டுப் பழக்கம். தண்ணீர், சாக்கடை, குப்பை, வரி என்று எல்லாவற்றுக்கும் ஏறி இறங்கியிருக்கிறேன். அலைச்சலில் பாதி, தவறான கதவைத் தட்டியதால் வந்தது. மீதிப் பாதி, சரியான கதவைத் தட்டியும் கையில் காகிதம் இல்லாமல் போனதால் வந்தது. இந்த இரண்டையும் உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் இருப்பது எந்த ஊர்?

அசட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் பஸ் பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் இதற்கு உதவாது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என நான்கு வகை உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஊராட்சி என்பது ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வரும். மற்ற மூன்றும் நகர்ப்புற உள்ளாட்சிகள். சிற்றூர் ஒன்று வளர்ந்து பக்கத்து ஊராட்சியின் வயல்களில் மனைகளாகப் பரவும்போது, ஒரே தெருவின் கிழக்குச் சிறகு பேரூராட்சியிலும் மேற்குச் சிறகு ஊராட்சியிலும் விழுந்துவிடுகிறது. தபால்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். குப்பை வண்டிக்கு அப்படி இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி, வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பார்ப்பது. வாடகைக்கு வந்திருந்தால் வீட்டுக்காரரிடம் பழைய ரசீது ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உள்ளாட்சியின் பெயர், வார்டு எண், வரி விதிப்பு எண் மூன்றும் இருக்கும். மூன்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த மனு எழுதினாலும் இவை தேவைப்படும்.

பேரூராட்சிதான் என்று தெரிந்துவிட்டால், அதன் தலையில் இருவர் இருப்பார்கள். ஒருவர் மன்றத் தலைவர். வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர். மற்றவர் செயல் அலுவலர், அரசு நியமிப்பவர். உங்கள் வார்டு உறுப்பினரைத்தான் நீங்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 490 பேரூராட்சிகளுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய தேர்தல் 2011-இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து, இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் தனி அலுவலர்களே ஊரை நடத்தினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் ஊரில் பலர் இன்றும் உறுப்பினரைத் தாண்டி நேரே அலுவலகத்துக்குத்தான் போகிறார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் சாலை, வடிகால் போன்ற பெரிய வேலைகளுக்கு மன்றத் தீர்மானம் வேண்டும். அதைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டியவர் உறுப்பினர்தான்.

கிராமத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வேறுபாடு உறுத்தும். ஊராட்சியில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடும். யாரும் எழுந்து கேட்கலாம். பேரூராட்சியில் அந்தக் கிராம சபை கிடையாது. அதனால் இங்கே வாயைவிடக் காகிதம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

எது யாருடையது

இதுதான் இந்தக் கட்டுரையின் வயிறு. பொறுமையாகப் படியுங்கள்.

தெரு பேரூராட்சியுடையது. ஆனால் பஸ் ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அந்தச் சாலையின் பள்ளத்துக்குச் செயல் அலுவலரிடம் மனுக் கொடுத்தால் அவரால் அதை மேலே அனுப்பத்தான் முடியும். சாலையோர வடிகாலில்தான் சிக்கல் மிகுதி. நெடுஞ்சாலைத் துறை கட்டிய வடிகாலில் பேரூராட்சித் தெருக்களின் கழிவுநீர் வந்து விழும்; அடைத்துக்கொண்டால் இரு தரப்பும் மற்றவரைக் கை காட்டுவார்கள். அப்போது ஒரே மனுவில் இரண்டு அலுவலகங்களையும் ‘பெறுநர்’ என்று போட்டு, இரண்டிலும் தனித்தனியே கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

தெருவிளக்கின் கதையை மேலே சொல்லிவிட்டேன். விளக்கு, அதன் சுவிட்சுப் பெட்டி, மின்கட்டணம் எல்லாம் பேரூராட்சி. கம்பம் சாய்ந்தாலோ கம்பி தாழ்ந்து தொங்கினாலோ மின் வாரியம். அதற்கு 94987 94987 என்ற ‘மின்னகம்’ எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுந்து விழுந்த கம்பிக்கு மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். யாரையும் அருகே போகவிடாமல் உடனே அழையுங்கள்.

குடிநீர் இரண்டு அடுக்காக வருகிறது. ஆற்றிலிருந்தோ தொலைவான கிணறுகளிலிருந்தோ பல ஊர்களுக்குச் சேர்த்துக் கொண்டுவருவது கூட்டுக் குடிநீர்த் திட்டம். இவற்றில் பலவற்றை நடத்துவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏற்றித் தெருத்தெருவாகத் திறந்துவிடுவது பேரூராட்சி. ஊர் முழுக்கத் தண்ணீர் வரவில்லையென்றால் பெரும்பாலும் மேலே எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. பேரூராட்சியைத் திட்டிப் பயனில்லை. உங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லையென்றால் வால்வில்தான் விஷயம்.

ரேஷன் கடைக் குறை, வட்ட வழங்கல் அலுவலருக்கு. பட்டா, நில அளவை, புறம்போக்கு ஆக்கிரமிப்பு, கிராம நிர்வாக அலுவலர் தொடங்கி வட்டாட்சியருக்கு. பிறந்த குழந்தையின் பதிவை 21 நாளுக்குள் முடித்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவர்களே பதிவார்கள், நீங்கள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தை பெயரில் ஒரு எழுத்து மாறினால் பத்தாம் வகுப்பு வரை துரத்தும்.

ஏரியும் வாய்க்காலும்தான் எனக்கு இன்றும் வியப்பு. ஊருக்கு நடுவே கிடக்கும் ஏரி ஊருடையது அல்ல. 40 எக்டேருக்கு மேல் பாசனம் தரும் ஏரி நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. குடவோலைக் கல்வெட்டுக்காக எல்லோரும் பெருமையடிக்கும் உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. அந்தக் கல்வெட்டில், பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஊர்ச் சபைக்குக் கீழே ‘ஏரி வாரியம்’ என்றே ஒரு குழு இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து ஊர்க்காரர் தம் ஏரியைத் தாமே பார்த்துக்கொண்டார். இன்றைய பேரூராட்சிக்காரர், ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிறார்கள் என்று சொல்ல இரண்டு அலுவலகங்களுக்குப் போக வேண்டும். குப்பையை அள்ளுவது பேரூராட்சி, கரையைக் காப்பது நீர்வளத் துறை.

யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

செயல் அலுவலரை முதலில் பார்க்காதீர்கள். அவர் பல ஊர்களில் பக்கத்துப் பேரூராட்சிக்கும் கூடுதல் பொறுப்பாக இருப்பார். ஆய்வுக் கூட்டம், காணொலிக் கூட்டம் என்று பாதி நாள் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். சிறு பழுதுக்கு அவரை எட்டும் முன்பே வேலையை முடித்துவிடக்கூடிய நால்வர் இருக்கிறார்கள்.

வால்வு திறப்பவர். தெருத்தெருவாகச் சைக்கிளிலோ வண்டியிலோ நீண்ட இரும்புச் சாவியோடு போவார். எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் என்பது அலுவலகப் பதிவேட்டைவிட அவர் மனத்தில் சரியாக இருக்கும். மின் பணியாளர். துப்புரவு மேற்பார்வையாளர்; காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு நடக்கும் இடத்தில் அவரைப் பிடிக்கலாம், பத்து மணிக்கு மேல் பிடிக்க முடியாது. நான்காமவர் வரி வசூலிக்க வருபவர். இவர் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். எந்த மனை யாருடையது, எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு சாலை போட்டார்கள் என்று கேட்டால் சொல்வார்.

இவர்களைப் பெயர் சொல்லி, ‘அண்ணே’, ‘அம்மா’, ‘ஐயா’ என்று மரியாதையாக அழையுங்கள். இது இனிப்புப் பூசுவதற்காகச் சொல்வதல்ல. தூய்மைப் பணியாளரை வாசலில் நின்று அதட்டும் வீட்டின் குப்பை கடைசியாகத்தான் எடுக்கப்படும். எடுப்பவர் மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றியதில்லை.

உறுப்பினரைப் பற்றி ஒரு சொல். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2016-இல் தமிழ்நாட்டில் சட்டமானது. உங்கள் உறுப்பினர் பெண்ணாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அவருடைய எண்ணுக்கு அழைத்தால் கணவர் எடுத்து, “சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதும் பல ஊர்களில் நடப்பதுதான். “அம்மாவிடம்தான் பேச வேண்டும்” என்று பணிவாகச் சொல்லுங்கள். மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் அவர்தான். எங்கள் வார்டில் நாலைந்து பெண்கள் விடாமல் இப்படிக் கேட்டார்கள். அதற்கப்புறம் அவரே போனை எடுக்கத் தொடங்கினார். கூட்டத்தில் எங்கள் தெரு வடிகால் பற்றி அவர் பேசியதும் அதற்குப் பிறகுதான்.

மனு

வாய்ச்சொல்லுக்கு மூன்று நாள் தவணை கொடுங்கள். நடக்கவில்லையென்றால் எழுதுங்கள். மனு எழுதுவதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஊரின் எல்லாக் குறையையும் ஒரே தாளில் கொட்டுவது. விளக்கு, நாய், தண்ணீர், பக்கத்து வீட்டு முருங்கைமரம் எல்லாம் ஒரே மனுவில் இருந்தால் அது எந்தக் கோப்புக்கும் போகாது. ஒரு குறைக்கு ஒரு தாள்.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற பழைய பள்ளிக்கூட முறையே போதும். ‘பொருள்’ என்ற வரிதான் உயிர். அதை இப்படி எழுதுங்கள்: “7-ஆவது வார்டு, மேட்டுத் தெரு, மின்கம்ப எண் 14, தெருவிளக்கு எரியாமை, சரிசெய்யக் கோருதல் தொடர்பாக.” இந்த ஒரு வரியைப் படித்தவுடன் மனுவை யாரிடம் கொடுப்பது என்று எழுத்தருக்குத் தெரிந்துவிடும். உள்ளே நான்கு வாக்கியம் போதும்: எத்தனை நாளாக எரியவில்லை, யாரிடம் எந்தத் தேதியில் வாய்மொழியாகச் சொன்னீர்கள், அதனால் யாருக்கு என்ன இடர், என்ன செய்யக் கோருகிறீர்கள். ‘மெத்தனப் போக்கு’, ‘கண்டும் காணாமல்’ போன்ற பத்திரிகைச் சொற்களை விட்டுவிடுங்கள். அவை எழுதும்போது இனிக்கும். படிப்பவர் மனுவைக் கட்டின் அடியில் வைப்பார்.

தெருக்காரர் பத்துப் பேரின் கையெழுத்து, கதவு எண்ணோடு. தேதி தெரியும் படம் ஒன்று. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். “முத்திரை எடுத்தவர் லீவு” என்று சொன்னால், “கையெழுத்தும் தேதியும் போடுங்கள் ஐயா, போதும்” என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள். அதற்கும் மறுத்தால் தபாலில் அனுப்பலாம். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. விரைவுத் தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள்.

சில நாளில் பதில் வரும், அல்லது நேரில் சொல்வார்கள். அந்தப் பதிலின் மொழி தனி மொழி. கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. ‘ஆவன செய்யப்படும்’ என்றால் இன்னும் யாரும் தொடவில்லை. ‘மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது’ என்றால் பொறியாளர் இடத்தைப் பார்க்க வரவில்லை. அவர் வரும் நாளைக் கேட்டு, அன்று நீங்களும் நிற்க வேண்டும். ‘கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’ என்றால் கோப்பு ஊரை விட்டுப் போய்விட்டது. எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் என்று கேளுங்கள். ‘நிதி நிலைக்கேற்ப’ என்றால் இந்த ஆண்டு இல்லை. ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படும்’ என்பதுதான் இவற்றுள் நல்ல செய்தி. அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் உங்கள் தெரு இருக்கிறதா என்று உறுப்பினரிடம் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரியை முதல் மாதமே சரிசெய்யுங்கள்

வீடு வாங்கியிருந்தால் வரி விதிப்பில் பெயர் மாற்றம் செய்யுங்கள். கிரயப் பத்திர நகலும் கடைசி வரி ரசீதும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். பட்டாவில் மாறிவிட்டது, மின் இணைப்பில் மாறிவிட்டது என்பதால் இங்கே தானாக மாறிவிடாது. மூன்றும் மூன்று அலுவலகம். வரி ரசீது உரிமைச் சான்று ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை உண்டு. 2022-இல் வரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்குக் கீழ் இருந்த குடியிருப்புகளுக்கே 25 விழுக்காடு ஏறியது. பெரிய வீடுகளுக்கு இன்னும் மேலே. எரிச்சல் நியாயம்தான். ஆனால் பாக்கியோடு மனுக் கொடுக்கப் போகாதீர்கள். சட்டப்படி தெருவிளக்குக்கும் உங்கள் வரிப் பாக்கிக்கும் தொடர்பில்லை. ஆனாலும் எழுத்தர் முதலில் கணினியில் தட்டிப் பார்ப்பது அதைத்தான்.

தண்ணீர், சாக்கடை, மனைப்பிரிவு

தண்ணீருக்குத் தெருக்கடைசி வீடாகப் பார்த்துக் குடிபோகாதீர்கள். போய்விட்டீர்கள் என்றால், தண்ணீர் விடும் நேரத்தில் முன் வீடுகளில் குழாயோடு மோட்டார் பொருத்தி உறிஞ்சுகிறார்களா என்று முதலில் பாருங்கள். இது விதிமீறல். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பெயரிட்டு மனுக் கொடுத்தால் பொங்கலுக்குக் கரும்பு வராது. “எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நேரத்தில் ஆய்வு செய்யக் கோருதல்” என்று பொதுவாக எழுதுங்கள், போதும். தொட்டியின் மேல் சுத்தம் செய்த தேதியை எழுதியிருக்கிறார்களா என்பதையும் போகிற போக்கில் பார்த்து வையுங்கள்.

சாக்கடைதான் சிற்றூரின் தீராத வழக்கு. பெரும்பாலான பேரூராட்சிகளில் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி; குளியலறை, சமையலறைத் தண்ணீர் தெரு வடிகாலுக்கு. வடிகால் அடைப்பதற்கு மூன்று காரணங்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஒன்று, காரை உள்ளே ஏற்ற வாசலில் வடிகாலின் மேல் சிமெண்டால் மூடிவிடுவது. தூர் வாருபவர் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தாண்டிப் போவார், அங்கே மண் கட்டும். எடுத்து வைக்கக்கூடிய கல் பலகை போடுங்கள். இரண்டு, வாட்டம் இல்லாமல் கட்டியது. இதற்கு மன்றத் தீர்மானமும் மதிப்பீடும் வேண்டும், ஓராண்டு ஆகும். மூன்று, சிலர் கழிப்பறைத் தொட்டியின் நிரம்பல் குழாயை இரவோடு இரவாக வடிகாலில் விடுவது. இதை மட்டும் பொறுக்காதீர்கள். துப்புரவு மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைத்தான் அழைக்க வேண்டும். யாரிடம் உரிமம் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழிப் பேரூராட்சியில் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஒரு பேரூராட்சியால் அது முடிந்திருக்கிறது என்பதை, எங்கள் ஊரில் லாரி ஓடைப்பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குப்பைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுங்கள். பேட்டரி, ஊசி, நாப்கின் தனியாக. பிரித்தது ‘வளம் மீட்புப் பூங்கா’வுக்குப் போய் உரமாகிறதா அல்லது ஊர்க்கடைசியில் எரிகிறதா என்று ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். தெருநாய்க்கு நாடு முழுக்க விதி, பிடித்துக் கருத்தடை செய்து ஊசி போடுவதுதான், கொல்வது அல்ல. சிறிய பேரூராட்சியில் அதற்கான வசதி பெரும்பாலும் இருக்காது, மனு மேலே போகும், காத்திருக்க வேண்டும்.

புதிய மனைப்பிரிவில் வீடு கட்டியவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. நீங்கள் எத்தனை மனு கொடுத்தாலும் சாலையும் விளக்கும் வரவில்லையென்றால், உங்கள் தெரு இன்னும் தெருவே ஆகவில்லை என்று பொருள். மனைப்பிரிவு போட்டவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரமாகப் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவரை ஏட்டில் அது தனியார் நிலம். அதில் அரசுப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் மாட்டுவார்கள், ஆகவே செயல் அலுவலர் தொடமாட்டார். முதலில் தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால், மனை வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து மனைப்பிரிவுக்காரரைத் தேடிப் பிடித்து எழுதி வாங்குவதுதான் முதல் வேலை. அங்கீகாரமே இல்லாத பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் மனை அதில் சேர்ந்ததா என்று ஆவணத்தைப் பாருங்கள். வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். சரி, அது போகட்டும்.

பூங்கா, சுடுகாட்டுக் கொட்டகை, குளத்துப் படித்துறை போன்றவற்றுக்குத் தெருவே பணம் திரட்ட முடியும் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். செலவில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் ஏற்பாடு அது.

மேலே போவது

முத்திரை வாங்கிய மனுவுக்கு ஒரு மாதம் பாருங்கள். பிறகு 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண், திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டம், பேரூராட்சிகள் உதவி இயக்குநர் அலுவலகம் என்று வழிகள் இருக்கின்றன. அரசு அவ்வப்போது நடத்தும் முகாம்களும் உண்டு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆட்சியரிடம் கொடுத்த மனு, ஒரு வட்டம் அடித்து, உங்கள் செயல் அலுவலரின் அதே மேசைக்குத்தான் வந்து சேரும். வித்தியாசம், இப்போது அதற்கு ஒரு எண் இருக்கிறது, மேலிருந்து ஒருவர் பதில் கேட்பார். ஆகவே மேலே போவது சண்டையாக இருக்க வேண்டியதில்லை. “ஐயா, நிதிக்காகத்தான் மேலே கொடுக்கிறேன், உங்களுக்கும் உதவும்” என்று சொல்லிவிட்டே போங்கள். எங்கள் வடிகாலுக்கு அப்படித்தான் போனேன். அவரே எந்தத் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

அதிலும் நகரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுத வேண்டும். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள், ‘ஏன்’ என்பது தகவல் ஆகாது என்று திரும்பி வரும். “இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல் வேண்டும்”, “7-ஆவது வார்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த வேலைகளின் மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல் வேண்டும்” என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேல், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எங்கள் தெருவில் இருவர் இதை எழுதினார்கள். ஒருவருக்குப் பதில் வருவதற்குள் சாலை வந்துவிட்டது.

எந்த மாதத்தில் கேட்பது

இதை எந்த அலுவலகத்திலும் சொல்லித் தரமாட்டார்கள். வடிகால் தூர் வார ஆவணியில் மனுக் கொடுங்கள். ஐப்பசி மழையில் கொடுத்தால் மோட்டார் வைத்து இறைப்பதற்கே ஆள் போதாது. தண்ணீருக்கு மாசியிலேயே. புதிய சாலை, பாலம் என்றால் ஜனவரியில், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் எழுதும் முன். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும், புதிய வேலை தொடங்காது. ஆகவே அதற்கு ஆறு மாதம் முன்பே தீர்மானம் ஆகியிருக்க வேண்டும்.

தெருவிளக்குக்கு, அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்குப் பதினைந்து நாள் முன். சாமி புறப்பாட்டு வழியில் ஒரு விளக்கும் அணைந்திருக்கக் கூடாது என்று ஊரே நிற்கும். மின் பணியாளர் ஏணியோடு தெருத்தெருவாக வருவார், புது விளக்குகள் அலுவலகத்தில் வந்து இறங்கியிருக்கும். எங்கள் தெரு புறப்பாட்டு வழியில் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அந்த வாரம் கம்ப எண்களைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் டீக்கடையில் நிற்பேன்.